பழைய துப்பாக்கி... புதுத் தோட்டா!

போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் யுவராணி அதைக் காதில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தும் விட்டாள். அந்தப் பக்கம் ஒருத்தி போனை விடப் பலமாக அலறிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ... சுட்டுட்டாங்களே! என் வூட்டுக்காரரைச் சுட்டுப் போட்டுட்டாங்களே!"

"யாரும்மா பேசறது? எங்கிருந்து பேசறீங்க?"

"திரௌபதிங்க! உப்பளத்து ஆதிமூலம் பொஞ்சாதி! எங்க பாத்தியிலதான் கெடக்குறாரு! சீக்கிரம் வாங்க மேடம்... ரத்தம் போவுது!"

யுவராணி பாதி இட்லியோடு எழுந்தாள். கைகூடக் கழுவவில்லை.

ஏட்டு மண்ணாங்கட்டி நிதானமாகக் கழுவினார். எந்தக் கொலையாக இருந்தாலும் அவருக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

ஜீப் பறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் குதித்துக் குதித்துப் போனது. காலை வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது.

அதோ... ஒரு உப்புக் குவியல்!

அதன் மேல் குப்புறக் கிடந்தார் ஆதிமூலம். மரக்காணத்தில் பெரிய உப்பள முதலாளி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வேட்டியின் பின்பக்கம் மட்டும் சிவப்பு.

பக்கத்தில் திரௌபதி மார்பில் அடித்துக்கொண்டு நின்றாள்.

"முடிஞ்சுபோச்சு மேடம்..." மண்ணாங்கட்டி மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

பிணம் தலையைத் தூக்கியது!

"யோவ்! எவன்யா முடிஞ்சுபோனது? புண்ணுல உப்பு எரியுதுய்யா! தூக்குங்கய்யா மொதல்ல!"

கழற்றிய தொப்பியை மண்ணாங்கட்டி மறுபடியும் மாட்டிக்கொண்டார். முகத்தில் லேசான ஏமாற்றம்.

"யாரு சார் சுட்டது?" யுவராணி குனிந்து கேட்டாள்.

"தெரியாது! மூஞ்சிய மூடியிருந்தான்! நான் நெஞ்சை நிமித்திக்கினு அவன் எதிர்ல நின்னேன்... சுட்டுட்டான்!"

யுவராணி காயத்தைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள்.

"நெஞ்சு முன்னாடிதானே சார் இருக்கும்?"

"ஐயோ... எரியுதே!" என்று பதிலை எரிச்சலில் கரைத்துவிட்டார் ஆதிமூலம்.

ஆம்புலன்ஸ் அவரைக் குப்புறவே ஏற்றிக்கொண்டு போனது. திரௌபதியும் கூடவே ஏறினாள்.

"மேடம்... இங்க பாருங்க!"

பம்பு ஷெட்டின் ஓரமாக நின்று கத்தினார் மண்ணாங்கட்டி. யுவராணி ஓடினாள்.

துப்பாக்கி!

பழங்காலத்து ரிவால்வர். நீண்ட குழல். ஆறு அறை கொண்ட சிலிண்டர். பிடியின் அடியில் ஒரு இரும்பு வளையம்.

அந்தத் துப்பாக்கி யுவராணிக்கு நன்றாகத் தெரியும்!

பொம்மையார்பாளையத்தில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அஹமது கபீரின் கண்ணாடி அலமாரியில் இருந்தது அது. போன மாதம், 'கடையில துப்பாக்கி வெச்சிருக்காங்க' என்று யாரோ போன் போட்டார்கள். போனவள் இதே யுவராணி. எஸ்.ஐ. ஆவதற்கு முன்னால் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவள் என்பதால், துப்பாக்கி விஷயத்தில் அவள் சொன்னதுதான் அந்த வட்டாரத்தில் தீர்ப்பு.

பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். பிரெஞ்சுக் கப்பல்படைக்காரன் இடுப்பில் தொங்கிய சாமான். அதன் தோட்டா தனி ரகம். தோட்டாவின் விலாவில் ஒரு குட்டி ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். துப்பாக்கியின் சுத்தி மேலேயிருந்து அந்த ஆணியின் தலையில் குட்டும். அப்போதுதான் வெடிக்கும். அந்த ஆணி உட்காருவதற்காகவே ஒவ்வொரு அறையின் விளிம்பிலும் ஒரு சின்ன வெட்டு இருக்கும்.

அந்த ஆணித் தோட்டாவை இப்போது எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தோட்டா கிடைக்காத துப்பாக்கி வெறும் அலங்காரச் சாமான். லைசென்ஸ் தேவையில்லை.

'இது வெடிக்காது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள் யுவராணி.

வெடித்துவிட்டது!

கைக்குட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். ஆறு வெட்டும் அப்படியே இருந்தன. அதே துப்பாக்கிதான். ஆனால் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு வட்டத் தகடு. தகட்டில் ஒரு துளை. சுத்தியின் மூக்கில் ஒரு கூர் முனை. இந்தக் காலத்துத் தோட்டாவைப் பின்னாலிருந்து நடுவில் குத்தி வெடிக்க வைக்கிற ஏற்பாடு. உள்ளே, பறவை சுடுகிற சின்னத் தோட்டாவின் காலிக் கூடு.

தகடு முழுக்கத் துரு... பழுப்புத் துரு!

போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினாள். அரை மணியில் மறுபடி போன். இந்த முறை டி.எஸ்.பி. தமிழ்வேந்தன்.

"யுவராணி! வெடிக்காதுன்னு எழுதிக் குடுத்தது நீதானே?"

"ஆமா சார். அப்ப வெடிக்காது சார்."

"இப்ப?"

"இப்ப... வெடிக்கும் சார்."

"கிண்டலா? நீ அனுப்பின போட்டோவ எக்ஸ்பர்ட் கிட்ட காட்டினேன். ஆணித் தோட்டா பழசாயிடுச்சுன்னு பிரெஞ்சுக்காரனே அந்தக் காலத்துல இந்த மாதிரி தகடு வெச்சு மாத்தியிருக்கானாம். தகட்டுல இவ்ளோ துரு இருக்குன்னா அது பழைய மாத்தம்தான்னு சொல்றாரு. அப்படின்னா என்ன அர்த்தம்? நீ பார்க்கும்போதும் அது அங்கேயேதான் இருந்திருக்கு! நீ கோட்டை விட்டுட்டே!"

"இல்ல சார்! பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். தகடே இல்ல சார். இது புதுசா வெச்சது!"

"வாயால சொன்னா போதாது. சாயங்காலம் ஃபைல் எஸ்.பி. மேஜைக்குப் போவுது. அதுக்குள்ள புதுசுன்னு காட்டு. இல்லன்னா அந்த கபீர் ஜெயிலுக்கு... நீ சஸ்பென்ஷன்ல வீட்டுக்கு!"

கட்!

யுவராணி தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு நட்சத்திரம். அதற்காக மூன்று முறை பரீட்சை எழுதியவள். அழுகை வந்தது. மண்ணாங்கட்டி பார்க்கிறார் என்று விழுங்கிவிட்டாள்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார் அஹமது கபீர். அவர் கடையில் பழைய நாற்காலி, பழைய கண்ணாடி, பழைய கடிகாரம் எல்லாம் உண்டு. பொய் மட்டும் தினம் புதுசு. இடையஞ்சாவடியில் போன வாரம் செய்த ஊஞ்சலை பிரெஞ்சு கவர்னர் ஆடிய ஊஞ்சல் என்று விற்கிற மனிதர்.

"பாய், துப்பாக்கி எப்ப காணாம போச்சு?"

"போன வாரம் மேடம். மதியம் லுஹர் தொழுதுட்டு வந்து பார்த்தா, ஷோகேஸ் காலி!"

"ஏன் கம்ப்ளைன்ட் குடுக்கல?"

"துப்பாக்கியக் காணோம்னு ஸ்டேஷனுக்கு வந்தா, நீங்க என்னையக் காணாம ஆக்கிட மாட்டீங்களா?"

"அது சுடும்னு நீங்களே சொல்ற மாதிரி வீடியோ சுத்திக்கிட்டு இருக்குது. பார்த்தீங்களா?"

கபீர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! ஒரு வெள்ளைக்காரன் வந்து, 'இது சுடுமா'ன்னு கேட்டான் மேடம். யாவாரத்துல இல்லன்னு சொல்ற வாயி எனக்குக் கெடையாது. 'நெப்போலியனே இதுல சுட்டிருக்காரு'ன்னு சொல்லிட்டேன். அதை அவன் படம் புடிச்சுட்டான்!"

"பாய்... நெப்போலியன் செத்து ரொம்ப வருஷம் கழிச்சு செஞ்ச துப்பாக்கி இது!"

"அப்படியா? அதான் அவன் வாங்காம போயிட்டானா!"

யுவராணிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"துப்பாக்கி காணாம போன அன்னைக்கு உங்க கடைக்கு யார் யார் வந்தாங்க?"

"ரெண்டு பிரெஞ்சுக்காரிங்க... மீன் விக்கிற மலர்கொடி... போர்வெல் மோட்டாரு ரிப்பேருன்னு பாலகுரு வந்தான். அவ்ளோதான். மேடம், நான் பொய் சொல்வேன். திருட மாட்டேன், சுட மாட்டேன். என்னைய உள்ள வெச்சுடாதீங்க மேடம்..."

அந்தக் குரலில் யாவாரம் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

"மேடம்! டிவியப் பாருங்க!" என்றார் மண்ணாங்கட்டி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்தபடி பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார் ஆதிமூலம். மைக்கைத் தரையோரமாகப் பிடித்திருந்தார்கள்.

"என் உசுருக்கு ஆபத்து! பெரிய முதலியார்சாவடியில ரியல் எஸ்டேட் பண்றவனுக்கெல்லாம் கன்மேன் குடுத்திருக்காங்க. அவன் டீ குடிக்கப் போனாக்கூட பின்னாடியே ஒரு போலீசு போறான். நான் எதுல கொறைஞ்சுட்டேன்? எனக்கும் ஒரு கன்மேன் குடுத்தே ஆவணும்!"

"குண்டு எப்படி சார் பின்னாடி பட்டுச்சு?" நிருபர் கேட்டார்.

"அது... சுத்திக்கினு வந்துச்சுய்யா!"

யுவராணி டிவியை அணைத்தாள். ரிவால்வரை மேஜையில் வைத்து விளக்கைப் போட்டாள். முன்னால் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். தகட்டில் துரு... துளையைச் சுற்றித் துரு...

நிமிர்ந்தாள்!

தகட்டைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூவும் பளபளவென்று இருந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை!

"ஏட்டய்யா, உங்க போன் கவரைக் குடுங்க!"

"எதுக்கு மேடம்?"

"மூடற இடத்துல காந்தம் இருக்குதில்ல? அதுக்குத்தான்!"

கவரின் நுனியைத் தகட்டில் வைத்தாள். டக்கென்று ஒட்டியது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றித் தனியாக வைத்துக் காந்தத்தைக் காட்டினாள்.

ஒட்டவில்லை!

இன்னொரு ஸ்க்ரூ... ஒட்டவில்லை!

"எவர்சில்வர்!" யுவராணி கிட்டத்தட்டக் கூவினாள். "ஏட்டய்யா, பிரெஞ்சுக்காரன் இந்த மாதிரி துப்பாக்கியெல்லாம் மாத்தினானே, அந்தக் காலத்துல எவர்சில்வர் இருந்திருக்குமா?"

"எங்கம்மா கல்யாணத்துக்கே பித்தளைக் குடம்தான் மேடம் சீரு வெச்சாங்க!"

"கரெக்ட்! எவர்சில்வர் கண்டுபுடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தத் துப்பாக்கியோட ஆட்டம் முடிஞ்சுபோச்சு. அப்ப இந்தத் தகடு புதுசு! உப்புத் தண்ணில முக்கி வெயில்ல காய வெச்சு, துருவை வேணும்னே வர வெச்சிருக்கான்!"

"சூப்பர் மேடம்! டி.எஸ்.பி.க்கு போன் போடுங்க!"

"இருங்க. பழசாக் காட்டணும்னு இவ்ளோ மெனக்கெட்டவன், துருவே பிடிக்காத ஸ்க்ரூவ எதுக்குப் போட்டான்?"

மண்ணாங்கட்டி தன் போன் கவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

யுவராணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தூரத்தில் உப்புப் பாத்திகள். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் அவள் சைக்கிள் பூட்டு மூன்றே வாரத்தில் இறுகிப் போனது. இங்கே உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் உப்பளத்துப் பம்பில் இரும்பு ஸ்க்ரூ போட மாட்டார்கள். போட்டால் அடுத்த ரிப்பேருக்குக் கழற்ற வராது. உளி வைத்து வெட்ட வேண்டும், முதலாளியிடம் திட்டும் வாங்க வேண்டும்.

மூளை திட்டம் போட்டிருக்கிறது. கை மட்டும் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது!

"ஜீப்பை எடுங்க ஏட்டய்யா! பாய் கடைக்கு மோட்டாரு ரிப்பேருக்கு வந்தானே... அவன் பட்டறைக்கு!"

பாலகுருவின் பட்டறையில் நாலைந்து பம்புகள் குடலைத் திறந்துகொண்டு கிடந்தன. ஓரத்தில் ஒரு கடைசல் மெஷின். பாலகுரு, ஆதிமூலத்தின் மைத்துனன். திரௌபதியின் தம்பி. நல்ல வேலைக்காரன். போலீசைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டான்.

"பயப்படாதப்பா. ஜீப்புல நம்பர் போர்டு ஆடுது. ஒரு ஸ்க்ரூ போட்டு விடு."

பாலகுருவுக்கு மூச்சு வந்தது.

"அவ்ளோதானே மேடம்? தோ..."

"இரும்பு ஸ்க்ரூ போடு, போதும்."

"இரும்பா?" அவன் முகம் சுருங்கியது. "நம்ம ஊருல எவனாவது இரும்பு போடுவானா மேடம்? பதினஞ்சு நாள்ல பிசின் மாதிரி புடிச்சிக்கும். என் பட்டறையில தேடினாலும் ஒரு இரும்பு ஸ்க்ரூ கெடைக்காது! பொம்மைக்குப் போட்டாலும் பாலகுரு எவர்சில்வர்தான் போடுவான்!"

"துப்பாக்கிக்குப் போட்டாலுமா?"

பையிலிருந்து ரிவால்வரை எடுத்து மேஜையில் வைத்தாள் யுவராணி. கழற்றிய ஸ்க்ரூவை அவன் டப்பாவிலிருந்த ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டும் ஒரே அச்சு!

பாலகுரு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா... மாமாதான் சொன்னாருங்க!"

"எந்த மாமா?"

"ஆதிமூலம் மாமாதான்! கன்மேன் வேணும்னு ஆசைங்க அவருக்கு. 'உசுருக்கு ஆபத்துன்னு காட்டினாத்தான் குடுப்பாங்க, ஒரு துப்பாக்கி ஏற்பாடு பண்ணுடா'ன்னாரு. மோட்டாரு ரிப்பேருக்குப் போனப்ப பாய் கடையில இருந்து நான்தான் எடுத்தாந்தேன். தோட்டா அவரே கொக்கு சுடறவன் கிட்ட வாங்கினாரு. தகடு வெச்சுக் குடுத்தேன். பழி பாய் மேல போவட்டும்னு துருவும் ஏத்தச் சொன்னாரு..."

"அதுக்காக ஆளையே சுட்டுட்டியா?"

"ஐயோ, இல்லீங்க மேடம்! வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வெடி. மாமா உருண்டு விழுவாரு. அதான் பிளானு. ஆனா நான் சுடவே இல்லீங்க! எனக்குக் கை உதறுச்சு. நேத்து அக்கா கிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டேன். காலைல அக்கா வந்து... 'நீ பட்டறைய விட்டு நகராதடா'ன்னு சொல்லிட்டு, துப்பாக்கிய வாங்கிக்கினு போயிட்டாங்க..."

யுவராணியும் மண்ணாங்கட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா!

ஆஸ்பத்திரியில், குப்புறக் கிடந்த கணவனுக்குப் பக்கவாட்டிலிருந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் திரௌபதி. பாதி வாய்க்கும் பாதி தலையணைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"சார், உங்களைச் சுட்டவங்களைக் கண்டுபுடிச்சாச்சு" என்றாள் யுவராணி.

"அந்த கபீர்தானே? எனக்கு அப்பவே தெரியும்!"

"இல்ல சார். ரொம்பப் பக்கத்துலதான் இருக்காங்க. கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்காங்க."

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

ஆதிமூலம் கழுத்தை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பினார். "திரௌபதி... நீயாடி? பாலகுருவுக்குத்தான் கை தவறிடுச்சுன்னு நான் பொறுத்துக்கினு இருந்தேனே!"

"நான்தான்யா!" கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள் திரௌபதி. "என் தம்பி கையில துப்பாக்கியக் குடுத்தியே, மாட்டிக்கினா யாருய்யா ஜெயிலுக்குப் போறது? அவன்தானே போவணும்? நீ மட்டும் போலீசைப் பின்னாடி வெச்சுக்கினு கல்யாணம் கருமாதின்னு நெஞ்சை நிமித்திக்கினு போவே! அம்மா செத்தப்ப அவன் இடுப்புக் கொழந்தை. நான் சோறு ஊட்டி வளத்த புள்ளய்யா அவன்! அந்த பாய் உனக்கு என்ன பாவம் பண்ணாரு? அவரையும் கோர்த்து விட்டே!"

குரல் உடைந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

யுவராணிக்கு மனசு இளகியது. ஆனால் சட்டை காக்கி.

"வானத்தைப் பார்த்துச் சுடறதுதானேம்மா பிளானு?"

"பார்த்தேன் மேடம். வானம் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலியே!"

"அப்புறம் எதுக்கு எனக்கு போன் பண்ணி அப்படி அலறினீங்க?"

"சுடற வரைக்கும் கோவம் இருந்துச்சு. ரத்தத்தைப் பார்த்ததும் தாலி ஞாபகம் வந்துடுச்சு. மெய்யாலுமேதான் மேடம் அலறினேன்."

வராந்தாவுக்கு வந்து டி.எஸ்.பி.க்கு போன் போட்டாள் யுவராணி. எவர்சில்வர் ஸ்க்ரூவில் ஆரம்பித்து வானம் வரைக்கும் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது.

"ஃபைலைக் கிழிச்சுப் போட்டுட்டேன் யுவராணி. நீ எழுதிக் குடுத்தது சரிதான். அந்த பாயை வீட்டுக்கு அனுப்பு. மத்தவங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டா... மூணு பேரையும்!"

விழுங்கி வைத்திருந்த அழுகை இப்போது வந்தது. யுவராணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஆசை தீர அழுதுவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"கூட்டிட்டுப் போகலாம். உக்கார மட்டும் வெச்சிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

ஜீப்பின் பின்கதவைத் திறந்தார் மண்ணாங்கட்டி. பாலகுரு ஏறினான். திரௌபதி ஏறினாள். ஏறிய கையோடு புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆதிமூலம் கதவுக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்! இவ கூட ஒரே ஜீப்புலயா? இப்பதான் மேடம் மெய்யாலுமே என் உசுருக்கு ஆபத்து! உங்களுக்குப் புண்ணியமா போவும்... நடுவுல ஒரு கன்மேனைப் போடுங்க!"

மண்ணாங்கட்டி அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி உள்ளே குப்புறப் போட்டார். தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"கவலையே படாதீங்க சார்... கன்மேன் நானே வர்றேன். உங்க மேலயே உக்காந்துக்கறேன். இனிமே எவளும் உங்களைப் பின்னாடி இருந்து சுட முடியாது!"